ஒரே வீட்டின் மூன்று பிள்ளைகள்: எச்.எல்.ஏ. மரபணுக்களும் முதல் வகை நீரிழிவும் – ஒரு நிகழ்வு ஆய்வு

ஐப்பசி கடைசி வாரத்தில் ஒரு வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணிக்கு அந்தச் சிறுமியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒன்பது வயது, நான்காம் வகுப்பு. ஊர், மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் இடையில் ஒரு வாய்க்கால் கரைக் கிராமம். குடும்பத்தாரின் ஒப்புதலோடுதான் இதை எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பகலில் பள்ளியில் வாந்தி எடுத்திருக்கிறாள். அங்கிருந்து நேராக ஒரு கிளினிக்குக்கும், இருட்டிய பிறகு எங்களிடமும் வந்ததால் இன்னும் சீருடையிலேயே இருந்தாள். பாவாடையின் இடுப்பை மடித்து ஊக்கு குத்தியிருந்தது. அதே மடிப்பில் பழைய ஊக்குத் துளைகள் இரண்டு இருந்தன. மூன்று வாரத்தில் மூன்று முறை அந்த இடுப்பைச் சுருக்கியிருக்கிறார்கள். எடை பார்த்தோம்: 21 கிலோ. ஆடி மாதம் பள்ளியில் எடுத்தபோது 26 என்று அட்டையில் எழுதியிருந்தது.

மூச்சு ஆழமாகவும் வேகமாகவும் இருந்தது, ஓடி வந்தவள் இரைப்பதைப் போல. நுரையீரலில் சளிச் சத்தம் எதுவும் இல்லை. உதடு வெடித்து, நாக்கு காய்ந்து, கண் குழி விழுந்திருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டாள். பக்கத்தில் குனிந்தால் கனிந்து அழுகிய பழத்தின் வாடை. விரல் நுனியில் எடுத்த ஒரு சொட்டு ரத்தத்துக்குக் கருவி எண்ணே காட்டவில்லை. அளவைத் தாண்டிவிட்டது என்று மட்டும் காட்டியது. ஆய்வகத்தில் சர்க்கரை 548 மில்லிகிராம். ரத்தம் எவ்வளவு அமிலமாகிவிட்டது என்று காட்டும் பி.எச். 7.06. அமிலத்தைச் சமன்செய்யும் பைகார்பனேட் 5. சிறுநீரில் கீட்டோன் மூன்று கூட்டல் குறி.

கடுமையான கீட்டோன் அமில மயக்கம். இன்சுலின் இல்லாமல் உடம்பு கொழுப்பை எரிக்க, அதில் பிறக்கும் கீட்டோன் அமிலங்கள் ரத்தத்தில் தேங்கிவிடும் நிலை. இதில் யோசிக்க ஒன்றுமில்லை, செய்ய மட்டுமே உண்டு. முதல் ஒரு மணி நேரம் நார்மல் சலைன் மட்டும். அதன் பிறகு மணிக்கு இரண்டு யூனிட் என்ற கணக்கில் இன்சுலின் சொட்டு, கூடவே பொட்டாசியம். மூளை வீங்கிவிடாதிருக்க அவசரம் காட்டாமல் சர்க்கரையை மெல்ல இறக்க வேண்டும். இரவு முழுவதும் செவிலியர் மணிக்கு ஒருமுறை அவள் பெயரைச் சொல்லி எழுப்பிப் பார்த்தார். மறுநாள் பிற்பகலில் பி.எச். 7.3ஐத் தொட்டது. மாலையில் எழுந்து உட்கார்ந்து, பசிக்கிறது என்றாள்.

அந்த மூன்று வாரங்கள்

தாயிடம் மெதுவாகக் கேட்டுக் கேட்டு எழுதியது இது. ஐந்து வயதிலேயே படுக்கையை நனைப்பதை விட்டுவிட்ட பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கியிருக்கிறாள். அடைமழைக் காலம், குளிருக்குப் போகிறது என்று நினைத்தார்கள். பள்ளிக்கு இரண்டு பாட்டில் தண்ணீர் கேட்டிருக்கிறாள். இரவில் எழுந்து குடத்தடிக்குப் போயிருக்கிறாள். எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டவில்லை.

அப்பாயி ஒன்றைக் கவனித்திருக்கிறார். கொல்லையில் பிள்ளை உட்கார்ந்து எழுந்த இடத்தில் சிற்றெறும்பு வரிசை கட்டியிருந்தது. பெரியவர்களுக்கு அப்படி மொய்த்தால் சர்க்கரை என்று அவருக்குத் தெரியும். அவர் தம்பிக்கே ஐம்பது வயதில் அப்படித்தான் கண்டுபிடித்தார்கள். ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கும் அது வரும் என்று அவரிடம் யாரும் சொன்னதில்லை. எறும்பைப் பார்த்தார், தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார்.

வாந்தியும் வயிற்றுவலியும் வந்த அன்று முதலில் போன கிளினிக்கில் வயிற்றுக் கோளாறு என்று எண்ணிக் குளுக்கோஸ் ஏற்றியிருக்கிறார்கள். சர்க்கரை பார்க்கவில்லை. இதைக் குற்றம் சாட்டுவதற்காக எழுதவில்லை. ஆழ்ந்த மூச்சு நிமோனியா போலவும், வயிற்றுவலி குடல்வால் போலவும், வாந்தி கெட்டுப்போன சோறு போலவும் தோற்றம் காட்டும். தேர்ந்தவர்களும் இதில் ஏமாந்திருக்கிறார்கள். ஆனால் நோயுற்று வரும் ஒவ்வொரு குழந்தைக்கும், எந்த நோயானாலும், பாட்டில் மாட்டுவதற்கு முன்னால் ஒரு விரல் குத்திப் பார்த்தால் இந்தத் தவறு நடக்காது. ஒரு நிமிடம் ஆகும், ஒரு சொட்டு ரத்தம் போதும்.

எந்த வகை நீரிழிவு?

நம் பக்கத்தில் இந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும். தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கணையத்தில் கல் விழுந்து வரும் நீரிழிவு இளவயதினரிடம் காணப்பட்டு வந்திருக்கிறது. அதில் கீட்டோன் மயக்கம் அபூர்வம். ஸ்கேனில் கல் இல்லை. கணையத்தில் எவ்வளவு இன்சுலின் ஊறுகிறது என்று காட்டும் சி-பெப்டைடு மிகக் குறைவு. ஜி.ஏ.டி., ஐ.ஏ.-2 என்ற இரண்டு எதிர்ப்பொருள்களும் ரத்தத்தில் இருந்தன. சொந்த உடம்பின் காவலாட்களே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழித்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதற்கு அந்த இரண்டும் சாட்சி. இது முதல் வகை. இன்சுலின் சார்ந்த நீரிழிவு என்றுதான் நாங்கள் படித்த காலத்தில் சொல்வார்கள். 1997க்குப் பிறகு பெயர் மாறியது. பெயர் மாறினாலும் பொருள் மாறவில்லை. இவளுக்கு இன்சுலின் சோற்றைப் போல, தண்ணீரைப் போல. 1922 ஜனவரியில் டொராண்டோவில் லியோனார்ட் தாம்ப்சன் என்ற பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடும்வரை, இந்த நோய் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் ஓரிரு ஆண்டுகளில் இறந்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது நாளுக்கு 17 யூனிட் தேவைப்பட்டது. வீட்டில் குளிர்சாதனப் பெட்டி இல்லை. பெரிய மண்சட்டியில் ஆற்று மணல் பரப்பி, தண்ணீர் தெளித்து, நடுவில் சின்னச் சட்டி வைத்து அதற்குள் மருந்துக் குப்பியை வைக்கச் சொல்லிக் கொடுத்தோம். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யத்தில் கரையேறிய பிறகு இந்த மாவட்டங்களில் வாரக்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்போது எங்கள் பிள்ளைகள் பலருடைய இன்சுலினைக் காத்தது இந்தச் சட்டிதான்.

பள்ளியின் காலை உணவுக்கு முன்னால் ஊசி போட வேண்டும். தாய் எட்டு மணிக்குப் பள்ளிக்கே போய்ப் போட்டுவிட்டு வயலுக்குப் போவது என்று தலைமை ஆசிரியையோடு பேசி முடிவானது.

தகப்பனின் கேள்வி

தகப்பனார் சிங்கப்பூரில் கட்டட வேலையில் இருக்கிறார். மகளைப் பார்க்க முடியாத தவிப்பில் இரவெல்லாம் கைப்பேசியில் படித்திருக்கிறார். நான்காம் நாள் தொலைபேசியில் கேட்டார்: "டாக்டரம்மா, இது மரபணுவில் வருவது என்று போட்டிருக்கிறது. எனக்கு இன்னும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் வருமா?"

நடுவில் ஏழு வயதுப் பெண், கடைசியில் நான்கு வயதுப் பையன்.

அதே நேரத்தில் வார்டில் வேறொரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் சொந்தத்தில் கட்டியவர்கள். அத்தை மகனைக் கட்டியவர் அந்தத் தாய். "சொந்தத்தில் கட்டினால் இப்படித்தான் ஆகும்" என்று பார்க்க வந்தவர்கள் அவர் காதுபடவே பேசினார்கள். "மிட்டாய் வாங்கிக் கொடுத்தே பிள்ளையைக் கெடுத்தாள்" என்றார் ஒருவர். அப்பாயி வாய் திறக்கவில்லை, ஆனால் மருமகளின் முகத்தைப் பார்ப்பதை நிறுத்திவிட்டார். அந்தத் தாய் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். இனிப்புக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்று அன்று மாலையே எல்லோரையும் வைத்துக்கொண்டு உரக்கச் சொன்னேன். மரபணுக் கேள்விக்கு அப்படி ஒரே வரியில் பதில் சொல்ல முடியாது.

உள்ளங்கையில் வைத்த மாதிரி

அவர்களுக்கு ஐந்து மா நிலம். தை அறுவடை முடிந்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டுவிட்டு அந்தத் தாய் மறுபரிசோதனைக்கு வந்த நாளில்தான் எனக்கு ஒரு வழி கிடைத்தது.

கொள்முதல் நிலையத்தில் மூட்டை முழுவதையும் யாரும் அளந்து பார்ப்பதில்லை. ஒரு கைப்பிடி அள்ளி உள்ளங்கையில் விரித்துக் காட்டுவார்கள். பார்ப்பவர் ஈரம், பதர், கருக்காய் பார்த்து ஏற்பார் அல்லது தள்ளுவார். உடம்பிலும் இதே வேலை நடக்கிறது. காவல் செல்கள் வழியில் கிடைக்கும் புரதங்களை விழுங்கி, நறுக்கி, ஒரு துணுக்கைத் தங்கள் மேற்பரப்பில் ஏந்திக் காட்டும். டி செல் வந்து பார்க்கும். அயலான் என்று கண்டால் படையைக் கூப்பிடும். அந்தத் துணுக்கை ஏந்துகிற உள்ளங்கைதான் எச்.எல்.ஏ. புரதம். ஆறாவது குரோமோசோமில் நெருக்கமாக அமர்ந்திருக்கும் ஒரு மரபணுக் கூட்டம் இதை வார்த்துத் தருகிறது.

கையின் குழிவு ஆளுக்கு ஆள் வேறுபடும். ஒரு கையில் தங்கும் மணி இன்னொரு கையில் நழுவும். எச்.எல்.ஏ.வுக்கும் இந்த நீரிழிவுக்கும் உள்ள உறவு 1970களின் முற்பாதியில் தெரிய வந்தது. 1974இல் டென்மார்க்கின் ஜோர்ன் நெருப் குழுவினர் வெளியிட்ட கட்டுரை அதில் முக்கியமானது. முதலில் தெரிந்தது நிழல்தான். பிறகு டி.ஆர்., டி.கியூ. என்ற மரபணுக்களில்தான் விஷயம் இருக்கிறது என்று புரிந்தது. 1987இல் ஜான் டாட், ஜான் பெல், ஹியூ மெக்டெவிட் மூவரும் இன்னும் உள்ளே போய், டி.கியூ. புரதத்தின் பீட்டா சங்கிலியில் 57ஆம் அமினோ அமிலம் அமரும் இடத்தைச் சுட்டிக்காட்டினார்கள். அங்கே அஸ்பார்ட்டிக் அமிலம் இருந்தால் குழிவின் ஓரம் இறுகி நிற்கிறது. அந்த இடத்தில் அலனின் போன்ற வேறொன்று இருந்தால் குழிவின் வடிவம் மாறி, இன்சுலினின் துணுக்குகள் போன்றவை வேறு விதமாக அமர்கின்றன. ஆபத்தான இரண்டு வகைகளான டி.கியூ.2, டி.கியூ.8 இரண்டிலும் அங்கே அலனின்தான் இருக்கிறது. விதியாக இதை எல்லா இனத்தாருக்கும் பொருத்த முடியாது என்று பின்னால் தெரிந்தது. ஆனாலும் ஒரே ஓர் அமினோ அமிலத்தின் மாற்றத்தில் இவ்வளவு இருக்கிறதே என்ற வியப்பு எனக்கு இன்றுவரை குறையவில்லை.

டி செல்களுக்குப் பயிற்சி நடப்பது மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பியில். அங்கே உடம்பின் சொந்தச் சரக்குகளை எல்லாம் காட்டி, இதைத் தாக்காதே என்று பழக்குகிறார்கள். இன்சுலினையும் அங்கே கொஞ்சம் சுரந்து காட்டுகிறார்கள். எவ்வளவு காட்டுவது என்பதைப் பதினோராவது குரோமோசோமில் இன்சுலின் மரபணுவை ஒட்டிய ஒரு பகுதி தீர்மானிக்கிறது. குறைவாகக் காட்டப்பட்டால், தாக்கக்கூடிய டி செல்கள் தப்பித்து வெளியே வந்துவிடும். பி.டி.பி.என்.22, சி.டி.எல்.ஏ.4 என்று இன்னும் பல இடங்கள் உண்டு. அறுபதுக்கும் மேல் கண்டிருக்கிறார்கள். அவை எல்லாம் சில்லறை. மரபுவழி ஆபத்தில் ஏறக்குறைய பாதி எச்.எல்.ஏ. பகுதியில் மட்டுமே இருக்கிறது.

டி.கியூ.2 பெரும்பாலும் டி.ஆர்.3 என்ற வகையோடும், டி.கியூ.8 டி.ஆர்.4 என்ற வகையோடும் சேர்ந்தே வரும். ஐரோப்பியரிடம் டி.ஆர்.3 ஒரு பெற்றோரிடமிருந்தும் டி.ஆர்.4 இன்னொருவரிடமிருந்தும் வந்து சேர்ந்த பிள்ளைக்குத்தான் ஆபத்து மிக அதிகம். ஏறத்தாழ இருபதில் ஒருவருக்கு நோய் வருகிறது. டி.கியூ.6இல் ஒரு வகை இதற்கு நேர்மாறாக வலுவான பாதுகாப்புத் தருகிறது. இந்தியரிடம் டி.ஆர்.3 முன்னால் நிற்கிறது. பல மரபணுக்களின் ஆபத்தைக் கூட்டிக் கணக்கிட ஐரோப்பியத் தரவில் உருவான மரபணு மதிப்பெண்ணைப் புணே நோயாளிகளிடம் சோதித்து 2020இல் வெளியிட்டார்கள். முதல் வகையையும் இரண்டாம் வகையையும் பிரித்தறிய அது இங்கும் உதவியது.

பரிசோதனை வேண்டாம் என்றேன்

எச்.எல்.ஏ. பரிசோதனை சிகிச்சைக்குத் தேவையில்லை. அதன் முடிவு எதுவானாலும் சிறுமியின் ஊசி மாறப்போவதில்லை. பிள்ளைகள் இருவருக்கும் நோய் வராமல் தடுக்க இங்கே கொடுக்க மருந்தும் இல்லை. தகப்பனார் டெப்லிசுமாப் என்ற மருந்தைப் பற்றிக் கேட்டார். 2022 நவம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது அது; நோய் வெளிப்படுவதைச் சராசரியாக இரண்டு ஆண்டுகள் தள்ளிப் போட்டது. ஆனால் அந்த அனுமதி எட்டு வயது நிரம்பி, இரண்டு எதிர்ப்பொருளாவது வந்து, சர்க்கரையும் தடுமாறத் தொடங்கியவர்களுக்கு. நான்கு வயதுப் பையனுக்கு அதில் இடமில்லை. இதையெல்லாம் சொன்னேன். "தெரியாமல் இருப்பதைவிடத் தெரிந்திருக்கிறேன்" என்றார். பணத்தை அனுப்பினார். ஐந்து பேரின் ரத்தமும் சென்னைக்குப் போனது. அவருடையதை விடுப்பில் வந்தபோது எடுத்தோம்.

எச்.எல்.ஏ. மரபணுக்கள் தனித்தனியாக அல்லாமல் கொத்தாகவே இறங்கும். ஒவ்வொருவருக்கும் இரண்டு கொத்து, தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று. இந்த வீட்டில் தகப்பனின் இரண்டு கொத்துகளில் ஒன்று டி.ஆர்.3. தாயின் இரண்டில் ஒன்றும் டி.ஆர்.3. மூத்தவளுக்கு இருவரிடமிருந்தும் டி.ஆர்.3 வந்து இரட்டையாக அமைந்துவிட்டது. நடுப்பெண்ணுக்கு இருவரின் மற்றொரு கொத்துகளே வந்தன, டி.ஆர்.3 அவளிடம் இல்லை. கடைக்குட்டி அக்காளின் அச்சு. இரண்டும் டி.ஆர்.3.

சொந்தத் திருமணம் இதில் எந்த அளவுக்கு வருகிறது? அத்தை மகன், மாமன் மகள் மணந்தால், எந்த ஒரு மரபணு இடத்திலும் பிள்ளைக்கு ஒரே முன்னோரின் ஒரே பிரதி இரண்டு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. தாய்மாமனைக் கட்டினால் எட்டில் ஒன்று. அப்பாயியும் தாயின் தகப்பனும் உடன்பிறந்தவர்கள். அவர்களுடைய பெற்றோரில் ஒருவரிடமிருந்த டி.ஆர்.3 ஒரு கிளையில் அப்பாயி வழியாக மகனுக்கும், இன்னொரு கிளையில் அவர் தம்பி வழியாக இந்தத் தாய்க்கும் இறங்கியிருக்கக்கூடும். ஆனால் டி.ஆர்.3 அப்படியொன்றும் அபூர்வமானதல்ல. உறவே இல்லாத இருவர் மணந்தும் இரட்டை டி.ஆர்.3 பிள்ளைகள் பிறக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளிலும் பெரும்பாலோர் நோயின்றி வாழ்ந்து முடிக்கிறார்கள். புதிதாக இந்த நோய் கண்டறியப்படும் பத்துப் பேரில் எட்டு ஒன்பது பேரின் குடும்பத்தில் அதற்கு முன் ஒருவருக்கும் இது இருந்ததில்லை. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று ஒரு தாயின் தலையில் கட்டுவதற்கு இந்தக் கணக்கில் இடமே இல்லை. அப்பாயியிடமும் இதைச் சொன்னேன், படம் வரைந்து. வெகுநேரம் அந்தக் காகிதத்தைப் பார்த்தார். "அப்படியானால் எங்கள் ஆத்தாளோ ஐயாவோ கொண்டுவந்ததா?" என்றார். அன்று மருமகளுக்கு அவர் கையாலேயே காப்பி வாங்கி வந்து கொடுத்தார்.

மரபணு இருந்தால் போதாது

ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு இந்த நோய் வந்தால் இன்னொருவருக்கு வருவது முப்பதிலிருந்து ஐம்பது சதவீதம் வரைதான், நீண்ட காலம் பார்த்தால் இன்னும் கூடுகிறது. மரபணு முழுவதும் ஒன்று. ஆனால் விதி ஒன்றாக இல்லை. பின்லாந்தின் கரேலியாவிலும் எல்லைக்கு அப்பால் ரஷ்யக் கரேலியாவிலும் ஆபத்தான எச்.எல்.ஏ. வகைகள் கிட்டத்தட்ட ஒரே அளவில் இருக்கின்றன. நோயோ பின்லாந்துப் பக்கத்தில் ஆறு மடங்கு அதிகம். எல்லைக் கோட்டில் மாறுவது மரபணு அல்ல, வாழ்க்கை. காக்சாகி போன்ற குடல் வைரஸ்கள் தூண்டுவதாக வலுவான சந்தேகம் உண்டு.

நமக்கு இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய். அதற்கும் டி.கியூ.2, டி.கியூ.8தான் வாசல். இந்தியாவின் மூன்று பகுதிகளில் ஆய்ந்து 2016இல் வெளியிட்டார்கள். அந்த மரபணு வகைகள் வடக்கிலும் தெற்கிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் இருந்தன. சீலியாக் எதிர்ப்பொருள் இருந்தவர்கள் வடக்கில் 1.23 சதவீதம், தெற்கில் 0.10. வடக்கில் ஒருவர் நாளுக்குச் சராசரியாகச் சாப்பிட்ட கோதுமை 455 கிராம், தெற்கில் 25. டெல்டாவில் அதே வாசல் திறந்துதான் கிடக்கிறது, உள்ளே நுழைய வேண்டிய கோதுமை வருவதில்லை. சிறுமிக்கு தைராய்டோடு சேர்த்து சீலியாக் சோதனையும் செய்தோம், இரண்டும் சரியாக இருந்தன. ரவையையும் பரோட்டாவையும் பழக்கமாக்கிவிட வேண்டாம் என்று மட்டும் சொன்னேன்.

நான் செய்த பிழை

முடிவு வந்த அன்று தகப்பனாரிடம் தொலைபேசியில் சொன்னேன். பையன் அக்காளைப் போலவே இருக்கிறான், நடுப்பெண்ணுக்கு இல்லை என்று. சொல்லி முடித்து எண்களை விளக்குவதற்குள் அழைப்பு துண்டித்துவிட்டது. மறுபடி பேசியபோது அவர் அழுதுகொண்டிருந்தார். அதற்குள் வீட்டுக்கும் சொல்லிவிட்டார்.

அடுத்த மாதம் தாய் வந்தபோது பையன் மெலிந்திருந்தான். பயந்துபோனேன். சர்க்கரை 88, இயல்பான அளவு. பிறகுதான் தெரிந்தது, வீட்டில் அவனுக்குச் சோற்றைக் குறைத்திருக்கிறார்கள். பொங்கலன்று அவன் இலையில் சர்க்கரைப் பொங்கல் வைக்கவில்லை. ஒவ்வொரு முறை அவன் கொல்லைக்குப் போய் வந்ததும் அப்பாயி குனிந்து தரையில் எறும்பு தேடியிருக்கிறார். நடுப்பெண்ணைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. "அவளுக்குத்தான் வராதே" என்றார் தாய்.

இரண்டுமே தவறு. இரண்டுக்கும் காரணம் நான். நேரில் உட்காரவைத்து, இருவரையும் வைத்துக்கொண்டு, எண்ணோடு சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.

அன்று மேசையில் ஒரு கைப்பிடி புளியங்கொட்டையைக் கொட்டி நூறு எண்ணினோம். இந்த நோய் உள்ள பிள்ளையின் உடன்பிறந்தவர்களில் நூற்றுக்கு ஐந்து ஆறு பேருக்கு வருகிறது. இரண்டு கொத்தும் ஒன்றாக அமைந்த உடன்பிறப்பு என்றால் பத்தைத் தாண்டும். பன்னிரண்டு என்று வைத்துக்கொண்டோம். பன்னிரண்டை ஒதுக்கினேன். மிச்சம் எண்பத்தெட்டை அவர் கையாலேயே எண்ணச் சொன்னேன். எண்பதைத் தாண்டியபோது அவர் விரல் தயங்கியது. "இவ்வளவு பேருக்கு வராதா?" என்றார். சோற்றைக் குறைத்து இதைத் தடுக்க முடியாது, பசியில் வாடுவதுதான் மிஞ்சும் என்றேன். நடுப்பெண்ணுக்காக ஒரே ஒரு கொட்டையைத் தனியாக எடுத்து வைத்தேன். டி.ஆர்.3 இல்லாதவர்களுக்கும் வருவதுண்டு, குறைவு, அவ்வளவுதான்.

பையனுக்கு எதிர்ப்பொருள் பார்த்தோம். அன்று எதுவும் இல்லை. ஆண்டுக்கு ஒருமுறை பார்ப்பது என்று முடிவு. மரபணுவை விட இந்தச் சோதனைக்குத்தான் எடை அதிகம். மரபணு பிறவியில் எழுதியது, எதிர்ப்பொருள் இப்போது நடப்பதைச் சொல்வது. கொலராடோ, பின்லாந்து, ஜெர்மனி குழந்தைகளைச் சேர்த்து 2013இல் வந்த கணக்கின்படி, இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட எதிர்ப்பொருள் வந்த பிள்ளைகளில் பத்து ஆண்டுக்குள் எழுபது சதவீதம் பேருக்கு நோய் வெளிப்பட்டது. ஒன்று மட்டும் என்றால் பதினைந்து சதவீதத்துக்குள்.

தேனிலவும் கோயில்வெண்ணியும்

சிறுமியின் கதையில் ஒரு திருப்பம். மூன்றாம் மாதம் அவள் 24 கிலோவுக்கு ஏறியிருந்தாள். இன்சுலின் தேவை 17 யூனிட்டிலிருந்து 6 யூனிட்டுக்கு இறங்கியது. மிச்சமிருக்கும் பீட்டா செல்கள் ஓய்வு கிடைத்து மறுபடி வேலை செய்யும் காலம் இது. தேனிலவுக் காலம் என்று எங்கள் துறையில் சொல்வார்கள். இதைப் போல ஆபத்தான நற்செய்தி வேறில்லை. நோய் போய்விட்டது என்று ஊசியை நிறுத்தி, சிறுகுறிஞ்சானை நம்பி, மறுபடி மயக்கத்தில் வந்து சேர்ந்த பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

அப்பாயி கோயில்வெண்ணிக்கு வேண்டிக்கொண்டிருந்தார். நீடாமங்கலம் வழியில் இருக்கிறது, கரும்பேஸ்வரர் கோயில். சர்க்கரை நோய் தீர வேண்டுபவர்கள் ரவையும் சர்க்கரையும் கலந்து பிராகாரத்தில் தூவுவார்கள். எறும்பு அதைத் தின்றால் நோய் குறையும் என்பது நம்பிக்கை. யூனிட் குறைந்ததும் வேண்டுதல் பலித்தது என்று வீடே மகிழ்ந்தது. ஊசியை விட்டுவிடலாமா என்று தாய் கேட்டார். கோயிலுக்குப் போவதை நான் ஒருபோதும் தடுத்ததில்லை. அந்தப் பிராகாரத்தில் அப்பாயி குனிந்து எறும்புக்குத் தூவும்போது அவர் மனம் ஆறுகிறது. அந்த ஆறுதலைத் தர என்னிடம் மருந்தில்லை. "காலை ஊசியைப் போட்டுவிட்டுப் போங்கள், மாலை ஊசிக்குள் வீட்டுக்கு வந்துவிடுங்கள்" என்றேன். அப்படியே போய் வந்தார்கள். ஒன்பதாம் மாதம் தேவை மறுபடி 18 யூனிட்டுக்கு ஏறியபோது அவர்கள் உடைந்துபோகவில்லை, முன்னமே சொல்லியிருந்ததால்.

ஒரு சுவரொட்டி

இந்த நிகழ்வை எழுத என்னைத் தூண்டியது மரபணு முடிவுகள் அல்ல. இத்தாலியின் பார்மா மாவட்டத்தில் 1990களில் பள்ளிகளிலும் குழந்தை மருத்துவர்களின் அறைகளிலும் ஒரு சுவரொட்டி ஒட்டினார்கள். படுக்கையை நனைப்பதை விட்ட பிள்ளை மறுபடி நனைக்கத் தொடங்கினால் சர்க்கரை பாருங்கள் என்பதுதான் அதன் சாரம். அதற்கு முன்னால் அங்கே புதிதாக நோய் கண்ட குழந்தைகளில் 78 சதவீதம் பேர் கீட்டோன் மயக்கத்தில் வந்தார்கள். அதன் பிறகு 12.5 சதவீதம். ஒரு காகிதம் செய்த வேலை இது. சென்னையில் 1990களின் முற்பாதியில் எடுத்த பதிவேட்டின்படி ஆண்டுக்கு லட்சம் குழந்தைகளில் பத்துப் பேருக்குப் புதிதாக இந்த நோய் வந்தது. அவர்களில் யாருடைய கையில் டி.ஆர்.3 இருந்தது என்று முன்கூட்டி அறிய வழியில்லை. யார் வீட்டுக் கொல்லையில் எறும்பு மொய்க்கிறது என்று பார்க்க எல்லோராலும் முடியும்.

தலைமை ஆசிரியையிடம் இதைச் சொன்னேன். மறுவாரமே பெரிய அட்டையில் தம் கையால் எழுதிச் சத்துணவுக் கூடத்துச் சுவரில் மாட்டிவிட்டார். அடிக்கடி தண்ணீர், அடிக்கடி சிறுநீர், மெலிவு, மறுபடி படுக்கை நனைப்பு, எறும்பு. எறும்பு என்பதை அவரே சேர்த்தார். பக்கத்து அங்கன்வாடிக்கும் ஒன்று போனது.

தொடர் கவனிப்பு

ஓராண்டு முடிந்தபோது சிறுமியின் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (எச்.பி.ஏ.1சி.) 12.1 சதவீதத்திலிருந்து 7.9க்கு வந்திருந்தது. உயரம் வளர்ந்திருக்கிறாள். ஊசியைத் தானே போட்டுக்கொள்கிறாள், தொடையில் மட்டும். வயிற்றுக்கு அம்மா வேண்டும்.

பையனின் இரண்டாவது சோதனையில் ஜி.ஏ.டி. எதிர்ப்பொருள் மட்டும் லேசாகத் தென்பட்டது. மூன்று மாதம் கழித்து மறுபடி எடுத்தோம், அதே அளவில் இருந்தது. ஐ.ஏ.-2 இல்லை. சர்க்கரை சரியாக இருக்கிறது. இந்த முறை இருவரையும் நேரில் உட்காரவைத்தே சொன்னேன். தகப்பனார் விடுப்பில் இருந்தார். புளியங்கொட்டைகளை அந்தத் தாயே கேட்டு வாங்கி அவருக்கு எண்ணிக் காட்டினார்.

வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு வைத்திருக்கிறார்கள். முதலில் அதில் மூத்தவளின் எண்கள் மட்டும் இருந்தன. இப்போது பக்கத்தை மூன்றாகக் கோடு போட்டு மூன்று பெயரும் எழுதியிருக்கிறார் தாய். கடந்த முறை புரட்டிப் பார்த்தேன். கார்த்திகை மாதம் ஓரிடத்தில், நடுப்பெண்ணின் பெயருக்குக் கீழே ஒரே ஓர் எண், 94. பக்கத்தில் இரவு இரண்டரை என்று நேரம் குறித்திருந்தது. என்ன என்று கேட்டேன்.

"மழைக் குளிரில் பாயை நனைத்துவிட்டாள், டாக்டரம்மா. எதற்கும் இருக்கட்டும் என்று எழுப்பி விரலைக் குத்திப் பார்த்தேன். பாயை மாற்றிப் போட்டுவிட்டு நானும் படுத்துவிட்டேன்."